கந்தக நாற்றத்தை உணர மூக்குக்குச் செம்பு எதற்கு?

"கந்தகச் சேர்மங்களின் நாற்றத்தை மிகச் சிறிய அளவிலேயே பாலூட்டிகள் உணர்ந்துவிடுவதற்கு மூக்கிலுள்ள செம்புதான் காரணம் என்று படித்தேன். அப்படியானால் நாம் உலோகத்தையா முகர்கிறோம்? செம்போ துத்தநாகமோ கூடுதலாக எடுத்துக்கொண்டால் மோப்பம் கூடுமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். இதற்குள் இரண்டு கேள்விகள் பின்னிக் கிடக்கின்றன. முகரப்படும் பொருளாக இல்லாமல் முகர உதவும் கருவியாக ஓர் உலோகம் இருக்க முடியுமா என்பது முதலாவது. அப்படி இருந்தால் அந்த உலோகத்தை உடலுக்குள் கூடுதலாகச் செலுத்திப் பயன் பெறலாமா என்பது இரண்டாவது. முதல் கேள்விக்கு என் பதில், ஆம். மூக்கில் மணத்தைப் பிடிக்கும் புரதங்களான ஏற்பிகளில் சிலவற்றைப் பொறுத்தவரை அதற்கு வலுவான சான்று இருக்கிறது. இரண்டாவதற்கு என் பதில், இல்லை. ஒன்றுக்கு ஆம் என்றும் மற்றொன்றுக்கு இல்லை என்றும் ஏன் சொல்கிறேன் என்பதை விளக்கத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

நான் கனிம வேதியியல் படித்தவன். உலோகங்களும் கந்தகமும் சேரும் சேர்மங்களை ஆய்வகத்தில் தயாரிப்பதிலேயே இருபது ஆண்டுகளுக்கு மேல் கழித்திருக்கிறேன். மருத்துவன் அல்லன், நரம்பியல் படித்தவனும் அல்லன். ஆகவே உலோகத்துக்கும் கந்தகத்துக்கும் இடையில் நடப்பதைப் பற்றி நான் சொல்வதை நம்பிக்கையோடு எடுத்துக்கொள்ளலாம். மூளைக்குள் நடப்பதைப் பற்றிச் சொல்வதை, அத்துறையினர் எழுதியதைப் படித்த ஒருவரின் சொல்லாக எடுத்துக்கொள்ளுங்கள். இந்தக் கேள்வி என் மனத்துக்கு நெருக்கமானதற்கு ஒரு காரணம் உண்டு. வேலையில் சேர்ந்த புதிதில் எத்தேன்தயோல் என்னும் கந்தகச் சேர்மம் இருந்த ஒரு புட்டியின் மூடியைக் கொஞ்சம் தளர்த்தி உடனே இறுக்கினேன். புகைபோக்கிப் பெட்டிக்குள் வைத்துத்தான் செய்தேன். கால் மணி நேரத்துக்குள் மேல்மாடியில் இருந்தவர்கள் இறங்கி வந்து, எரிவாயு கசிகிறதா என்று கேட்டார்கள். அவ்வளவு தூரம் போனது எத்தனை மூலக்கூறுகளாக இருக்கும், அதை அவர்களுடைய மூக்கு எப்படிப் பிடித்தது என்ற வியப்பு அன்று தொடங்கியது.

உலோகத்தை முகர்கிறோமா என்பதை முதலில் முடித்துவிடுவோம். முகர வேண்டுமானால் அந்தப் பொருள் ஆவியாகி மூக்குக்குள் வர வேண்டும். செம்போ இரும்போ சாதாரண வெப்பநிலையில் ஆவியாவதில்லை. இரும்புக் கம்பியைப் பிடித்த கையில் வரும் "உலோக வாசனை"கூட உலோகத்துடையது அன்று. தோலில் உள்ள கொழுப்புகள் இரும்போடு வினைபுரிந்து சிதையும்போது வெளிவரும் கரிமச் சேர்மங்களே அந்த வாசனைக்குக் காரணம் என்று 2006-இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. அவற்றில் முதன்மையானது 1-ஆக்டீன்-3-ஓன். அதாவது நம்முடைய தோலைத்தான் நாம் முகர்கிறோம். எனவே நீங்கள் படித்த செய்தியில் உலோகம் மணமாக வரவில்லை, மணத்தைப் பிடிக்கும் கையாக வருகிறது.

இப்போது புதிருக்கு வருகிறேன். எத்தனாலையும் எத்தேன்தயோலையும் பக்கத்தில் பக்கத்தில் வரைந்து பாருங்கள். இரண்டு கார்பன், ஆறு ஹைட்ரஜன். எத்தனாலில் ஆக்சிஜன் இருக்கும் இடத்தில் எத்தேன்தயோலில் கந்தகம் இருக்கிறது. மற்றபடி வேறுபாடே இல்லை. ஆனால் நூறு கோடியில் ஒரு பங்குக்கும் குறைவாகக் காற்றில் கலந்திருந்தாலே எத்தேன்தயோல் நமக்குத் தெரிந்துவிடுகிறது. எத்தனாலை உணர அதைவிடப் பன்மடங்கு வேண்டும். எத்தனை மடங்கு என்பது அளக்கும் முறையைப் பொறுத்து வெகுவாக மாறுகிறது. பல்லாயிரம் மடங்கு என்பாரும் உண்டு, பத்துக் கோடி மடங்கு என்பாரும் உண்டு. மோப்பத்தின் தொடக்க அளவுகளை, அதாவது மணம் தெரியத் தேவையான மிகக் குறைந்த அளவுகளை, துல்லியமாக அளப்பது கடினம் என்பதால் இந்த எண்களைக் கல்வெட்டாகக் கொள்ள வேண்டாம். வேறுபாடு மிகப் பெரியது என்பதில் மட்டும் யாருக்கும் ஐயமில்லை.

இந்த நுட்பத்தை மனிதர்கள் உயிர்காக்கும் கருவியாகவும் ஆக்கிக்கொண்டார்கள். 1937 மார்ச் 18 அன்று அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் நியூ லண்டன் என்னும் ஊரில், ஒரு பள்ளிக் கட்டடத்துக்கு அடியில் தேங்கியிருந்த இயற்கை எரிவாயு வெடித்தது. ஏறத்தாழ 300 பேர் இறந்தார்கள், பெரும்பாலோர் குழந்தைகள். இயற்கை எரிவாயுவுக்கு மணமே இல்லை. கசிந்தது யாருக்கும் தெரியவில்லை. அதன் பிறகுதான் எரிவாயுவில் நாற்றப் பொருள் கலக்க வேண்டும் என்ற சட்டங்கள் பரவின. இன்று குழாய்வழி வரும் எரிவாயுவில் மூவிணைய பியூட்டைல் மெர்கேப்டனும், உருளையில் வரும் திரவ எரிவாயுவில் எத்தில் மெர்கேப்டன் எனப்படும் அதே எத்தேன்தயோலும் பரவலாகக் கலக்கப்படுகின்றன. இவற்றைத் தேர்ந்தெடுத்தவர்களுக்கு மூக்கு ஏன் இவற்றை இப்படிப் பிடிக்கிறது என்று தெரியாது. பிடிக்கிறது என்பது தெரிந்திருந்தது, அதுவே அன்று போதுமானதாக இருந்தது.

மூக்கின் பக்கத்திலிருந்து பார்ப்போம். மோப்ப ஏற்பிகளுக்கான பெரும் மரபணுக் குடும்பத்தை லிண்டா பக், ரிச்சர்ட் ஆக்சல் இருவரும் 1991-இல் கண்டறிந்தார்கள். அதற்காக 2004-இல் நோபல் பரிசு பெற்றார்கள். மனிதரிடம் வேலை செய்யும் ஏற்பி வகைகள் ஏறத்தாழ 400, எலியிடம் ஆயிரத்துக்கும் மேல். ஒவ்வோர் ஏற்பியும் நரம்பணுவின் சவ்வை ஏழு முறை ஊடுருவிச் செல்லும் ஒரு புரதம். அதன் நடுவில் ஒரு சிறு குழி. மண மூலக்கூறு அந்தக் குழியில் வந்து அமர்ந்தால் புரதம் சற்றே வடிவம் மாறும், உள்ளே ஒரு சங்கிலி வினை தொடங்கும், நரம்பணு துடிக்கும். பெரும்பாலான மணப் பொருள்களைக் குழியில் பிடித்து வைப்பவை வலுக்குறைந்த ஈர்ப்புகள்: ஹைட்ரஜன் பிணைப்பு, நீரை விலக்கும் பகுதிகள் ஒன்றையொன்று நெருங்குவது, இப்படி. பெரிய மூலக்கூறுக்கு இந்த முறை பொருந்தும். பிடித்துக்கொள்ள அதற்குப் பல முனைகள் இருக்கின்றன. மீத்தேன்தயோல் போன்ற ஒரு குட்டி மூலக்கூறிடம் பிடித்துக்கொள்ள என்ன இருக்கிறது? ஒரு கார்பன், ஒரு கந்தகம், சில ஹைட்ரஜன்கள். இப்படி ஆல்கஹாலின் ஆக்சிஜன் இருக்கும் இடத்தில் கந்தகம் உள்ளவற்றைத் தயோல்கள் என்கிறோம். தயோலின் கந்தகம் ஹைட்ரஜன் பிணைப்பிலும் சோடை போனது. ஆக்சிஜனோடு ஒப்பிட்டால் மிகவும் பலவீனம். சாதாரண முறையில் பார்த்தால் ஆல்கஹாலைவிடத் தயோலைப் பிடிப்பதுதான் மூக்குக்குக் கடினமாக இருக்க வேண்டும். நடப்பதோ நேர்மாறு.

விடைக்கான துப்பு தயோல்களின் பழைய பெயரிலேயே இருக்கிறது. 1830-களில் டென்மார்க்கைச் சேர்ந்த வேதியியலாளர் சைசே இந்தக் குடும்பத்தைக் கண்டறிந்தபோது அதற்கு "மெர்கேப்டன்" என்று பெயர் வைத்தார். பாதரசத்தைக் கவர்ந்து பிடிப்பது என்ற பொருள் தரும் இலத்தீன் தொடரின் சுருக்கம் அது. கந்தகத்துக்கும் சில உலோகங்களுக்கும் இடையே அப்படியொரு நாட்டம். வேதியியலாளர் ரால்ஃப் பியர்சன் 1963-இல் இதற்கு ஒரு பொது விதியை வகுத்தார். எலக்ட்ரான் மேகம் இறுக்கமாக உள்ள சிறிய அயனிகளைக் "கடின" வகை என்றும், மேகம் தளர்ந்து எளிதில் வளைந்துகொடுக்கும் பெரிய அயனிகளை "மென்" வகை என்றும் பிரித்தார். கடினம் கடினத்தை நாடும், மென்மை மென்மையை நாடும். ஆக்சிஜன் கடின வகை. கந்தகம் மென் வகை. ஒற்றை நேர்மின்சுமை கொண்ட செம்பு அயனி, வெள்ளி அயனி, பாதரச அயனி எல்லாம் மென் வகை. வெள்ளிப் பொருள் காற்றில் வைத்தாலே கறுத்துப்போவது இதனால்தான். காற்றில் துளியளவு இருக்கும் ஹைட்ரஜன் சல்பைடைக்கூட வெள்ளி தேடிப் பிடித்து வெள்ளி சல்பைடாக மாற்றிக்கொள்கிறது. என் வேலையில் இந்த நாட்டத்தை நாள்தோறும் பார்க்கிறேன். செம்பு அயனி இருக்கும் கரைசலில் தயோலை விட்டால் கண் இமைப்பதற்குள் நிறம் மாறும், வீழ்படிவு இறங்கும். ஒரு வேதியியலாளரிடம் "காற்றில் மிதக்கும் தயோலை மட்டும் பொறுக்கிப் பிடிக்கும் ஒரு கருவியைச் செய்" என்று சொன்னால், கருவிக்குள் செம்போ வெள்ளியோ வைக்கலாம் என்பதுதான் அவருடைய முதல் யோசனையாக இருக்கும்.

இயற்கையும் அதையே செய்திருக்கலாம் என்று வேதியியலாளர் ராபர்ட் கிராப்ட்ரீ 1978-இல் எழுதினார். ஒற்றை மின்சுமைச் செம்பு மோப்பத்தில் பிணையும் இடமாக இருக்கலாம் என்பது அவருடைய கருத்து. ஏற்பி மரபணுக்கள் கண்டறியப்பட இன்னும் 13 ஆண்டுகள் இருந்த காலம் அது. வேதியியல் உள்ளுணர்வை மட்டும் வைத்துச் சொன்ன அந்தச் சிறு கட்டுரையை நான் பெரிதும் மதிக்கிறேன். 2003-இல் அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கென்னத் சஸ்லிக் குழுவினர் ஒரு படி மேலே போனார்கள். மோப்ப ஏற்பிகள் பலவற்றில் உலோகத்தைப் பிடிக்க வாய்ப்புள்ள ஓர் அமினோ அமில வரிசை இருப்பதைக் கவனித்து, அதை ஒத்த ஒரு குறும்புரதத்தைச் செய்து, அது செம்பையும் துத்தநாகத்தையும் பிடிப்பதைக் காட்டினார்கள். ஆனால் தனியே செய்த ஒரு துண்டு உலோகத்தைப் பிடிப்பது வேறு. உயிருள்ள ஏற்பி அந்த உலோகத்தைக் கொண்டு மணத்தை உணர்வது வேறு. அந்த இடைவெளியை அன்று யாராலும் தாண்ட முடியவில்லை.

தாண்ட உதவியது எலியின் சிறுநீர். ஆண் எலியின் சிறுநீரில் மெத்தில்தயோமீத்தேன்தயோல் என்னும் சேர்மம் இருக்கிறது. பெண் எலிகளை அது ஈர்க்கிறது. 2005-இல் லாரன்ஸ் காட்ஸ் ஆய்வுக்கூடம், கந்தக வேதியியலாளர் எரிக் பிளாக்குடன் சேர்ந்து இதை வெளியிட்டது. அந்தச் சிறு மூலக்கூறில் இரண்டு கந்தக அணுக்கள், ஓர் உலோக அயனியை இரு பக்கமும் கவ்வுவதற்கு ஏற்ற இடைவெளியில் இருக்கின்றன. படத்தைப் பார்த்தவுடனே எந்தக் கனிம வேதியியலாளருக்கும் கை பரபரக்கும்.

பிறகு 2012-இல், பிளாக், டியூக் பல்கலைக்கழகத்தின் ஹிரோவாகி மட்சுனாமி, ஷாங்காயின் ஹன்யி ஷுவாங் ஆகியோரின் குழுக்கள் கூட்டாக வெளியிட்ட ஆய்வுதான் திருப்புமுனை. அந்தச் சேர்மத்துக்குப் பதில் தரும் எலி ஏற்பி எது என்று தேடி, எம்ஓஆர்244-3 என்ற ஒன்றைக் கண்டார்கள். அந்த ஏற்பியை வளர்ப்புச் செல்களில் வைத்து, ஏற்பி தூண்டப்பட்டால் ஒளி உண்டாகும்படி அமைத்துச் சோதித்தார்கள். சோதனை மூன்று திசையிலிருந்து வந்தது, அதனால்தான் எனக்கு அதன் மேல் நம்பிக்கை. கரைசலில் செம்பு சேர்த்தபோது ஏற்பியின் பதில் வெகுவாக உயர்ந்தது. செம்பைக் கொடுக்குப் போலக் கவ்வி எடுத்துவிடும் ஒரு சேர்மத்தைச் சேர்த்தபோது பதில் மங்கி மறைந்தது. ஏற்பியில் செம்பைப் பிடிக்கக்கூடிய அமினோ அமிலங்களை, குறிப்பாக 105-ஆவது இடத்து ஹிஸ்டிடினை, மாற்றியபோது பதில் போய்விட்டது. சேர்த்தால் கூடுகிறது, எடுத்தால் போகிறது, பிடிமானத்தை உடைத்தாலும் போகிறது. இந்த மூன்றில் ஒன்று மட்டும் இருந்திருந்தால் நான் ஐயப்பட்டிருப்பேன். நான்காவதாக, உயிருள்ள எலிகளின் மூக்குக்குள் அந்தக் கொடுக்குச் சேர்மத்தைச் செலுத்தியபோது, அந்த நாற்றத்தைத் தேடிக் கண்டுபிடிக்கும் திறன் குறைந்தது. தட்டில் வளர்ந்த செல்லில் மட்டும் நடக்கும் விந்தை அன்று இது என்பதற்கு அது சான்று.

மனிதருக்கு வருவோம். 2016-இல் இதே குழுக்கள் ஓஆர்2டி11 என்னும் மனித ஏற்பியைப் பற்றி எழுதின. எரிவாயுவில் கலக்கப்படும் அதே சேர்மங்களுக்கு, அதாவது மூவிணைய பியூட்டைல் மெர்கேப்டனுக்கும் எத்தேன்தயோலுக்கும், அந்த ஏற்பி பதில் தருகிறது; அதற்குச் செம்பு தேவைப்படுகிறது. செம்பின் இடத்தில் வெள்ளி அயனியை வைத்தாலும் ஏற்பி வலுவாகத் தூண்டப்படுகிறது. இது எனக்கு மிகவும் பிடித்த விவரம். மூக்கில் வெள்ளி இருக்க வேண்டிய தேவை இல்லை. இயற்கையில் ஏற்பி அதைச் சந்தித்திருக்கவும் வாய்ப்பில்லை. ஆனாலும் வெள்ளி வேலை செய்கிறது என்றால், அங்கே நடப்பது மென் உலோகமும் மென் கந்தகமும் சேரும் வேதியியல்தான். தனிமவரிசை அட்டவணையில் செம்புக்கு நேர் கீழே வெள்ளி இருப்பது ஒரு மனித மூக்கின் புரதத்தில் இப்படித் தெரிகிறது. 2017-க்குப் பின் ஜெர்மனியில் டயட்மார் கிராவுட்வர்ஸ்ட் குழுவினர், வெங்காயத்தில் உள்ள ஒரு தயோலைக் குறுகிய தேர்வோடு உணரும் ஓஆர்2எம்3 என்ற மனித ஏற்பியையும் ஆராய்ந்து, அங்கும் செம்பு பதிலைக் கூட்டுவதைக் காட்டினார்கள். வேறு ஆய்வகம், வேறு ஏற்பி, வேறு சேர்மம், அதே முடிவு. ஒரு கருத்து நிலைபெறுவதற்கு இதைவிட நல்ல அறிகுறி இல்லை.

செம்பு அங்கே என்னதான் செய்கிறது? எளிமையாகச் சொன்னால், ஒரு கையால் ஏற்பியின் சுவரையும் இன்னொரு கையால் தயோலின் கந்தகத்தையும் பிடித்துக்கொள்கிறது. சுவரில் அதைப் பிடிப்பவை ஹிஸ்டிடின், சிஸ்டீன், மெத்தியோனின் போன்ற அமினோ அமிலங்கள். சிஸ்டீனும் மெத்தியோனினும் தாமே கந்தகம் உடையவை. குட்டி மூலக்கூறிடம் பல முனைகள் இல்லை என்று முன்பு சொன்னேன் அல்லவா, அந்தக் குறையை கந்தகம் தன் எலக்ட்ரான் இணையை உலோகத்துக்குக் கொடுத்து உண்டாக்கும் ஒரே ஒரு வலுவான ஈதல் பிணைப்பு ஈடுசெய்துவிடுகிறது. அதே நேரத்தில் அந்தப் பிணைப்பு நிலையானதும் அன்று. தயோல் வரலாம், சற்று நேரம் இருக்கலாம், போகலாம். ஒருமுறை பிடித்தால் விடாது என்ற நிலை இருந்திருந்தால் மூக்கு ஒரே நாற்றத்தில் சிக்கிக்கொண்டிருக்கும். ஓஆர்2டி11 ஆய்வு இன்னொன்றையும் சொல்கிறது: செம்பு மணத்தைப் பிடிப்பதோடு நிற்காமல் ஏற்பியின் வடிவத்தையே நிலைப்படுத்தும் தூணாகவும் இருக்கலாம். அந்த ஏற்பியில் செம்பு அமரும் இடங்களாக இரண்டை அவர்கள் சுட்டுகிறார்கள்.

இதுவரை சொன்னதில் பெரும்பகுதி உறுதியானது. இனி ஐயத்துக்குரியவற்றைச் சொல்கிறேன். செம்பு அமரும் இடங்கள் பற்றிய படங்கள் எல்லாம் அமினோ அமிலங்களை மாற்றிப் பார்த்த சோதனைகளிலிருந்தும் கணினி மாதிரிகளிலிருந்தும் வந்தவை. ஒரு மனித மோப்ப ஏற்பியின் அணு அளவிலான வடிவம் முதன்முதலாக 2023-இல்தான் வெளியானது. அது ஓஆர்51இ2 என்ற ஏற்பி; புரோப்பியோனேட் என்னும் கொழுப்பமிலத் துணுக்கைப் பிடிப்பது; பிடிக்க அது பயன்படுத்துவது உலோகத்தை அன்று, அர்ஜினின் என்னும் அமினோ அமிலத்தை. எல்லா ஏற்பிகளுக்கும் உலோகம் தேவை என்று யாராவது சொன்னால், அந்த வடிவமே அதற்கு மறுப்பு. அடுத்து, செம்பின் மின்சுமை. சோதனையில் பெரும்பாலும் இரட்டை மின்சுமைச் செம்பைச் சேர்க்கிறார்கள். தயோல் அதை உடனே ஒற்றை மின்சுமைக்கு இறக்கிவிடும் என்பது வேதியியலில் தெரிந்த விஷயம். ஆகவே உண்மையில் வேலை செய்வது ஒற்றை மின்சுமைச் செம்புதான் என்று நான் கருதுகிறேன். இத்துறையில் பலரும் அப்படியே கருதுகிறார்கள். ஆனாலும் இது கருதுகோளின் நிலையைத் தாண்டவில்லை.

இன்னும் பெரிய ஐயம் அளவைப் பற்றியது. உடலில் செம்பு தன்னந்தனியாகத் திரிவதில்லை. புரதங்கள் அதைக் கைமாற்றிக் கைமாற்றியே கொண்டுசெல்கின்றன, ஏனென்றால் கட்டற்ற செம்பு செல்லுக்கு நஞ்சு. வளர்ப்புச் செல்லில் சோதிக்கும்போது ஊற்றும் செம்பின் செறிவை மூக்குச் சளியில் கட்டற்று இருக்கும் செம்போடு சமமாக நினைக்கக் கூடாது. உயிருள்ள மூக்கில் ஏற்பிக்குச் செம்பைக் கொண்டுவந்து கொடுப்பது யார், ஏற்பி உருவாகும்போதே செம்பு உள்ளே அமர்ந்துவிடுகிறதா, மணம் வரும்போது சளியிலிருந்து வந்து சேர்கிறதா என்பதெல்லாம் இன்னும் திறந்த கேள்விகள். அதேபோல, கந்தக நாற்றங்களுக்கு நாம் காட்டும் அபார நுட்பம் முழுவதையும் செம்பின் கணக்கில் எழுதுவதும் அவசரம். எத்தனை நரம்பணுக்கள் அந்த ஏற்பியைத் தாங்குகின்றன, அவற்றின் செய்தியை மூளை எப்படிப் பெருக்குகிறது என்பவையும் அதில் சேரும். செம்பு முதல் படியை விளக்குகிறது. அந்த முதல் படி மிக முக்கியமானது, ஆனால் அதற்கு மேலும் படிகள் உண்டு.

பாலூட்டிகளுக்கு ஏன் இந்த ஏற்பாடு என்ற கேள்விக்குப் பொருத்தமான ஓர் ஊகம் உண்டு. புரதம் அழுகும்போது அதிலுள்ள சிஸ்டீன், மெத்தியோனின் சிதைந்து தயோல்களும் ஹைட்ரஜன் சல்பைடும் வெளிவருகின்றன. ஆக்சிஜன் குறைந்த சேற்றிலும் பள்ளத்திலும் அவை தேங்குகின்றன. ஊன் உண்ணும் விலங்குகளின் கழிவிலும் அவை மிகுதி. கெட்டுப்போன உணவு, மூச்சுமுட்டும் இடம், பக்கத்தில் வேட்டை விலங்கு ஆகிய மூன்று ஆபத்துகளுக்கும் பொதுவான அடையாளம் கந்தகம். ஸ்கங்க் என்னும் விலங்கு தன் எதிரியின் இந்த நுட்பத்தையே அதற்கு எதிரான ஆயுதமாக்கிக்கொண்டது; அது பீய்ச்சும் திரவத்தின் நாற்றம் முதன்மையாக இரண்டு தயோல்களிலிருந்து வருகிறது. ஆய்வகத்தில் தயோல் பட்ட கண்ணாடிக் கலங்களை நாங்கள் சோடியம் ஹைப்போகுளோரைட்டில் ஊறப்போடுவோம். கந்தகம் ஆக்சிஜனேற்றம் அடைந்து சல்போனிக் அமிலம் போன்ற நிலைக்குப் போனதும் நாற்றம் அடங்கிவிடும். ஆவியாகும் தன்மை போய்விடுவது அதற்கு ஒரு காரணம். ஆக்சிஜன்கள் சூழ்ந்த அந்தக் கந்தகம் இனி மென் உலோகத்தை நாடுவதில்லை என்பதையும் சேர்த்துக்கொண்டால் செம்பின் கதையோடு அது நன்றாகப் பொருந்துகிறது.

நாற்றத்தை மூலக்கூறின் வடிவத்தால் அல்லாமல் அதன் அதிர்வுகளால் மூக்கு அறிகிறது என்று ஒரு கோட்பாடு உண்டு. நீங்களும் அதைக் கடந்துவந்திருப்பீர்கள். 2015-இல் பிளாக்கும் கூட்டாளிகளும், சாதாரண ஹைட்ரஜனுக்குப் பதில் அதன் எடை கூடிய வடிவமான டியூட்டீரியம் வைத்த சேர்மங்களை ஏற்பிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். அதிர்வு மாறுகிறது, வடிவம் மாறுவதில்லை. ஏற்பிகளின் பதிலில் வேறுபாடு தென்படவில்லை. அந்தச் சோதனையில் எம்ஓஆர்244-3-உம் இருந்தது. உலோகம் பற்றிய கண்டுபிடிப்பை அதிர்வுக் கோட்பாட்டுக்குச் சான்றாகக் காட்டும் பதிவுகளை நம்ப வேண்டாம்.

இனி மாத்திரை. இங்கே நான் வேதியியலாளனாக இல்லாமல் எச்சரிக்கும் ஒருவனாகவே பேசுகிறேன். மோப்ப ஏற்பியில் செம்பு வேலை செய்கிறது என்பதால், செம்பைக் கூடுதலாக உட்கொண்டால் மோப்பம் கூடும் என்பது தானாக வந்துவிடாது. வயது வந்தவருக்கு நாளொன்றுக்குத் தேவைப்படும் செம்பு சுமார் 0.9 மில்லிகிராம், சாதாரண உணவிலேயே அது கிடைத்துவிடும். மிகுதியை ஈரல் பித்தநீர் வழியாக வெளியேற்றிவிடுகிறது. அந்த வெளியேற்றம் பழுதுபடுவதுதான் வில்சன் நோய். ஈரலும் மூளையும் கெட்டுப்போகும் கொடிய நோய் அது. செம்பு கூடினால் மோப்பம் கெடும் என்பதற்கும் சான்று உண்டு, பாலூட்டியில் இல்லை என்றாலும்: ஒரு லிட்டர் நீரில் சில மைக்ரோகிராம் செம்பு கலந்தாலே கோஹோ சால்மன் மீன்களின் மோப்பம் மழுங்குகிறது. உதவும் அதே உலோகம் அளவு மீறினால் கெடுக்கவும் செய்யும்.

செம்பு குறைந்தால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு பழைய தடயம் உண்டு. 1967-இல் ராபர்ட் ஹென்கின் முதலானோர், செம்பைக் கவ்வி வெளியேற்றும் பெனிசிலமின் மருந்தை உட்கொண்ட சிலருக்குச் சுவை உணர்வு குன்றியதையும், செம்பு கொடுத்தபோது அது திரும்பியதையும் பதிவு செய்தார்கள். ஆனால் அது சுவையைப் பற்றியது, மோப்பத்தைப் பற்றியது அன்று. அதைக் கந்தக நாற்றத்துக்குச் சான்றாக இழுத்துவரக் கூடாது.

துத்தநாகத்தின் வரலாறு இன்னும் கசப்பானது. சுவையும் மோப்பமும் குன்றியவர்களுக்குத் துத்தநாக சல்பேட் கொடுத்து, அதே ஹென்கின் 1976-இல் கட்டுப்பாட்டுக் குழுவோடு சோதித்தார். போலி மாத்திரையைவிட அது மேலானதாக இல்லை. தன்னுடைய கருத்துக்கு எதிரான முடிவையே வெளியிட்ட நேர்மைக்காக அவரை மெச்சுகிறேன். 1937-இல் கனடாவின் டொராண்டோ நகரில், இளம்பிள்ளை வாதத்தைத் தடுக்கும் நம்பிக்கையில் குழந்தைகளின் மூக்கில் துத்தநாக சல்பேட்டைத் தெளித்தார்கள். நோய் தடுக்கப்படவில்லை, சில குழந்தைகள் மோப்பத்தை நிரந்தரமாக இழந்தார்கள். 2009-இல், சளிக்காக மூக்கில் இடும் சில துத்தநாகத் தயாரிப்புகளைப் பயன்படுத்த வேண்டாம் என்று அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் எச்சரித்தது. பயன்படுத்திய பலர் மோப்பம் போய்விட்டதாகப் புகார் செய்திருந்தார்கள். ஆகவே உங்கள் மூக்குக்குள் எந்த உலோக உப்பையும் விடாதீர்கள். மோப்பம் திடீரெனக் குறைந்திருந்தால் காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பாருங்கள். காரணம் பெரும்பாலும் தொற்று, மூக்கடைப்பு, தலைக்காயம் போன்றவையாக இருக்கும்.

கந்தகத்தைப் பொறுத்து இன்னொரு எச்சரிக்கையும் உண்டு. ஹைட்ரஜன் சல்பைடு மிகச் சிறிய அளவில் கடுமையாக நாறும். பத்து லட்சத்தில் 100 பங்கு என்ற அளவை எட்டும்போது சில நிமிடங்களில் மூக்கு மரத்துப்போய் நாற்றமே தெரியாமல் போகும். கழிவுநீர்த் தொட்டிகளில் இறங்கியவர்கள் இறந்துபோவதற்கு இது ஒரு காரணம். நாற்றம் நின்றுவிட்டது என்பதை ஆபத்து நீங்கியதாக எடுத்துக்கொள்ளவே கூடாது.

இந்தத் துறையில் யாராவது என்னிடம் யோசனை கேட்டால், நான் கேட்கும் சோதனை ஒன்றுதான். வில்சன் நோய்க்காகச் செம்பை வெளியேற்றும் மருந்து எடுப்பவர்களிடமும் எடுக்காதவர்களிடமும் இரண்டு மணங்களின் தொடக்க அளவை அளக்க வேண்டும்: ஒன்று மூவிணைய பியூட்டைல் மெர்கேப்டன், மற்றொன்று கந்தகமே இல்லாத, ரோஜா மணமுள்ள பினைல்எத்தில் ஆல்கஹால். ரோஜா மணம் இரு குழுவுக்கும் ஒரே அளவில் தெரிந்து, மெர்கேப்டன் மட்டும் மருந்து எடுப்பவர்களுக்குக் கூடுதல் அளவில்தான் தெரிந்தால், தட்டில் வளர்ந்த செல்லிலும் எலியிலும் பார்த்த செம்பை மனித மூக்கிலும் பார்த்ததாக நான் ஏற்றுக்கொள்வேன். இரண்டையும் உணரும் திறன் ஒரே அளவில் குறைந்தால், அது செம்பின் வேலையாக இல்லாமல் மருந்தின் அல்லது நோயின் பொதுவான விளைவாக இருக்கும்.